வலது கைக்கான கையுறைகள்

போன வாரம் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் ஒருவர் இனிமேல் ஆடப் போவதில்லை என்று சொல்லிவிட்டாராம். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லையாம். தலை நரைத்து, கன்னம் தொங்கி, புல்தரையில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். உங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. என் வயதுக்காரர்கள் நீங்கள். நாற்பதைத் தாண்டியதுமே மாத்திரை டப்பாவும் மூக்குக் கண்ணாடியும் இல்லாமல் வெளியூர் போகாதவர்கள். கிரிக்கெட்காரர்கள் என்றால் அவர்கள் மாமியார் வீடு வரை உங்களுக்குத் தெரியும். இந்த மனிதரை யார் கண்டது? எனக்கு மட்டும் இவருடைய ஆட்ட வாழ்க்கை முழுக்கத் தெரியும். எப்போது எழுந்தார், எப்போது விழுந்தார், மணிக்கட்டில் எப்போது கத்தி வைத்தார்கள், எல்லாம் தெரியும். அவருக்குத் திண்டுக்கல் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அது அவர் குற்றமில்லை.

நான் சொல்லப் போவது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையும், அதை ஒட்டி வந்த ஆடிக் காற்றும். எனக்குப் பதினோரு வயது. எங்கள் வீடு தோல் ஷாப்புகள் நிறைந்த பக்கத்தில் இருந்தது. தோல் பதனிடும் இடங்களைத்தான் அப்படிச் சொல்வோம். சுண்ணாம்பில் ஊறும் ஆட்டுத்தோலின் வாடை சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், பரீட்சைத் தாளில்கூட இருக்கும். வெளியூர் உறவினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்குள் நுழைவார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம்.

அடி என்பது எங்களுக்குக் காப்பி, பலகாரம் மாதிரி. வாத்தியார் பிரம்பால் அடிப்பார். அடி வாங்கியதை வீட்டில் சொன்னால் வீட்டில் அடிப்பார்கள். ஊருக்குள் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வருகிற அன்று குழாயடியில் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தால் மண்டையில் அடித்துக்கொள்வார்கள். நகராட்சி வண்டி வந்து தெருநாய்களைக் கம்பிச் சுருக்கில் பிடித்து, அங்கேயே அடித்துக் கொன்று தூக்கிப் போட்டுக்கொண்டு போகும். அதை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவோம். நானும் ஓடியிருக்கிறேன். பயம் என்று தனியாக ஒன்று தெரியாத அளவுக்கு அது எங்களுக்குப் பழகியிருந்தது.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கிளவுஸ் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, வரிசையாகத் தையல் மெஷின்கள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தின் மூலையில் ஒரு கிணறு. தோல் ஷாப்புக் கழிவு இறங்கி அந்தக் கிணற்றுத் தண்ணீர் சிவந்து போயிருந்தது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் முற்றம் முழுக்கத் தெரியும். வெல்டிங் வேலை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் தடித்த கையுறைகளைத்தான் அங்கே தைத்தார்கள். தைத்து முடித்ததும், மின்சாரத்தில் சூடாகும் ஓர் உலோகக் கையில் உறையை மாட்டி இழுப்பார்கள், சுருக்கம் போய்விடும். முற்றத்து ஓரத்தில் ஒரு மேசை மேல் ஓர் இடது கையும் ஒரு வலது கையும் விரல்களை விரித்துக்கொண்டு நிற்கும். மேசைக்குள் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று சின்னவளாக இருந்தபோது நினைப்பேன்.

அப்பா அங்கே கட்டிங் மாஸ்டர். தோலை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, பதம் வந்ததும் இழுத்து வெட்டுவார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அதே கம்பெனியில் தையலும் செய்வார், வெளியூர் வேலைக்கும் போவார். எங்கள் தெருவில் யாரையும் அடிக்காத ஆண் அவர் ஒருவர்தான். அதற்காகவே அவரை எல்லோரும் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தார்கள்.

அந்தக் கோடையில் மெட்ராஸ் ஏஜென்ட் மூலமாக ஒரு பெரிய ஆர்டர் வரும்போல் இருந்தது. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கான கையுறை. செம்மறித் தோலில், காகிதம்போல் மெல்லியதாக இருக்க வேண்டும். மேலே சொன்ன இங்கிலாந்துக்காரரின் பெயரை மணிக்கட்டுப் பட்டையில் அச்சடித்து விற்கப் போகிறார்கள். அவர் அதற்கு முன் பல வருடங்கள் யாரும் கண்டுகொள்ளாத ஆட்டக்காரராக இருந்து, முப்பது வயதைத் தாண்டித் திடீரென்று ஜெயிக்கத் தொடங்கியவர். ஏஜென்ட் அவருடைய படம் ஒன்றை அனுப்பியிருந்தார். முதலாளி அதைக் கண்ணாடி போட்டு மாட்டி, சந்தனம் வைக்கலாமா என்றுகூட யோசித்தார். தொப்பி, சிவந்த மூக்கு, பெரிய சிரிப்பு. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. படம் எடுத்தவன் இன்னும் இரண்டு சாண் கீழே இறக்கி எடுத்திருந்தால் என் சித்தப்பாவின் கை பிழைத்திருக்கும்.

அதே சமயத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. பெண்ணுக்கு ஊர் பக்கத்தில் உள்ள வடமதுரை. பெண்ணுடைய அண்ணன் அங்கே பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் செருப்புக் கடை வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத தங்கையை அவர்தான் வளர்த்தார். எங்கள் கத்தோலிக்கச் சபையில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று சித்தப்பா பூசை முழுக்கத் தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டே இருந்தார். அம்மா அவர் முதுகில் கிள்ளினாள்.

மறுநாள் அவரை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். ஏஜென்டிடம் மாதிரிக் கையுறைகள் வந்திருந்தன. அவற்றைப் பார்த்து அதே அளவில் தைக்க வேண்டும். அட்டைப்பெட்டியைத் தலைமேல் சுமந்துகொண்டு சித்தப்பா புதன்கிழமை காலையில் வந்து இறங்கினார். முற்றத்தில் எல்லோரும் சுற்றி நிற்க, முதலாளி பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்தவை எல்லாம் இடது கை உறைகள். கீழே பாதிப் பெட்டிக்குக் கசங்கிய காகிதம்.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கைக்குத்தான் உறை போடுவார்கள், பெரும்பாலும் இடது கைக்கு. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். அன்று அந்த முற்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து ஜோடி ஜோடியாகக் கையுறை தைத்தவர்கள் அவர்கள். கை என்றால் இரண்டு. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப் வேறு அறுபட்டு, மேலே சணல் கட்டியிருந்தது. வலது கைகளை எடுத்துக்கொண்டு, காலி இடத்தில் காகிதத்தைத் திணித்துவிட்டான் என்று முடிவு கட்ட அதற்கு மேல் என்ன வேண்டும்?

"வலது கை எங்கடா?" என்றார் முதலாளி.

"எனக்குத் தெரியல முதலாளி. ஏஜென்ட் ஆபீஸ்லயே இப்பிடிச் சணலு கட்டித்தான் குடுத்தாய்ங்க. நான் பிரிக்கவே இல்ல."

"ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவோமா?" என்றார் அப்பா. அப்பா அதைச் சொன்னார். இந்தக் காதால் கேட்டேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போனப் போட்டு என்னான்னு சொல்ல? சாம்பிளத் தொலைச்சுட்டு நிக்கிறோம்னா? ஆர்டரு அன்னைக்கே அடுத்தவனுக்குப் போயிரும். மாஸ்டர், இது ஒங்க வீட்டுத் திருட்டு. நீங்களே கேளுங்க."

அப்பா கேட்டார். முதலில் கன்னத்தில். பிறகு தோல் வெட்டும் மேசையின் அளவுக்கட்டையால் முதுகில். சித்தப்பா கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை, அண்ணன் அல்லவா. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முந்தின நாள்வரை அவரோடு ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துத் தின்றவர்கள். தோல் பெல்ட், ரப்பர் குழாய், காலால் உதை. சத்தம் எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி வந்தது; அடுப்படியில் இருந்த அம்மா, யாரோ நாயை அடிக்கிறார்கள் என்று நினைத்தாளாம். நான் கீழே ஓடிப் போய்ச் சொன்ன பிறகுதான் ஓடினாள். கேட்டைப் பூட்டியிருந்தார்கள். அம்மா அதைக் கல்லால் அடித்தாள். யாரும் திறக்கவில்லை.

நான் மறுபடி மாடிக்கு ஓடினேன். ஏன் ஓடினேன், ஏன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்று கேட்காதீர்கள்.

"ஏலே, சொல்லிருடா. சொல்லிட்டா விட்ருவாங்கடா" என்று அப்பா அழாத குறையாகச் சொன்னார். அடித்துக்கொண்டே சொன்னார்.

"கெணத்துல போட்டேன்" என்றார் சித்தப்பா.

உடனே மோட்டார் கொண்டுவந்து கிணற்றை இறைத்தார்கள். ஊரே தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்த கோடையில், அந்தச் செந்தண்ணீர் தெருவில் ஓடியது. எதற்கும் உதவாது என்று தெரிந்தும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கும் ஒரு சண்டை, ஒருத்தியின் தோடு இழுபட்டுக் காது கிழிந்து ரத்தம். கிணற்றின் அடியில் இரண்டு செத்த பூனைகளும் உடைந்த வாளியும் கிடந்தன. கையுறை இல்லை.

பொய் சொன்னான் என்று இப்போது கோபம் இரண்டு மடங்கானது. திருடாதவன் எதற்குப் பொய் சொல்கிறான்? யாரோ ஒருவன், அவன் பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், அந்த உலோகக் கையின் சுவிட்சைப் போட்டான். சூடேறும் வரை எல்லோரும் சும்மா நின்றார்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், சுர்ரென்றது. சித்தப்பாவின் வலது கையை விரித்து, அதன் மேல் வைத்து அழுத்தினார்கள். மணிக்கட்டைப் பிடித்திருந்தது என் அப்பா. வேறு யாராவது பிடித்தால் முறித்துவிடுவார்கள், நான் பிடித்தால் பதமாகப் பிடிப்பேன் என்று நினைத்ததாக அவர் பிறகு அம்மாவிடம் சொன்னார். அந்தப் பதத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"யாருகிட்டடா குடுத்த? யாரு? யாரு?"

சித்தப்பா கத்தவில்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பிறகு வாயைத் திறந்து ஒரு பெயர் சொன்னார். வடமதுரைச் செருப்புக் கடைக்காரருடைய பெயர்.

அதற்குப் பிறகு அவரைக் கீழே போட்டுவிட்டு, ஆட்கள் வேனில் ஏறினார்கள். வடமதுரையில் நடந்தது நான் பார்த்ததல்ல. போனவர்கள் திரும்பி வந்து டீக்கடையில் பெருமையடித்ததைத் தெருவே கேட்டது. கடைச் செருப்புகளையெல்லாம் வாரி ரோட்டில் எறிந்தார்களாம். லாரி ஏறி நசுக்கிக்கொண்டு போனதாம். அந்த மனிதர் ஒரு வார்த்தை புரியாமல் நின்றாராம். செருப்புக்கு ஆணி அடிக்க வைத்திருந்த இரும்பை எடுத்து அவர் முகத்திலேயே அடித்தார்களாம். ஒரு கண் அங்கேயே போனது. கையுறை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "எங்கிட்டோ ஒளிச்சுட்டான். பயங்கரக் கள்ளன்" என்று சொல்லிக்கொண்டார்கள். கிடைத்திருந்தால் அது சாட்சி. கிடைக்காததும் சாட்சிதான்.

இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சாமியார் அந்த இடத்தைத் தாண்டி, பாத்திமா மாதா தேருக்கு யார் யார் நன்கொடை தர வேண்டும் என்று படித்தார்.

பெரியாஸ்பத்திரியில் அம்மா, அடுப்பில் விழுந்துவிட்டார் என்று சொல்லித்தான் சித்தப்பாவுக்குக் கட்டுப் போட வைத்தாள். முதலாளி போலீஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதைப் பெருந்தன்மை என்று எல்லோரும் பேசினார்கள். கட்டைப் பிரித்தபோது உள்ளங்கைத் தோல் இழுத்துக்கொண்டு, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அவர் எங்கள் வீட்டுப் பின்னறையில் படுத்துக் கிடந்தார். அப்பா கம்பெனியிலேயே சாப்பிட்டுக் கம்பெனியிலேயே தூங்கினார்.

அங்கே அவருக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. காணாமல் போன வலது கைகளை அவர்தான் உண்டாக்க வேண்டும். இடது கை அச்சைத் திருப்பிப் போட்டு, பெருவிரல் பிடிப்பை மாற்றி, தோலை எந்தப் பக்கம் இழுத்தால் எப்படி வளையும் என்று இரவு பகல் பார்த்து, அச்சு அசலாக வலது கை வெட்டிவிட்டார். அவர் வாழ்நாளில் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். யாரும் கேட்காத கையுறைகள். ஆட்கள் ராப்பகலாகத் தைத்துக் குவித்தார்கள்.

ஆடி பிறந்தது. மண்ணை வாரி அடிக்கும் காற்று. இங்கிலாந்தில் அவர்கள் நாட்டின் பெரிய போட்டி நடக்கிறது, நம் ஆள் முன்னணியில் இருக்கிறார் என்று முதலாளிக்குத் தெரியவந்தது. ஒரு பெரிய டிவி வாங்கி, கேபிள் இழுத்து, முற்றத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் பெண்டு பிள்ளைகளோடு வரலாம் என்றார். தட்டுத் தட்டாகக் காராச்சேவு. நானும் போய் உட்கார்ந்தேன். அம்மா வரவில்லை.

முதலில் வெறும் புல். அவ்வளவு புல்லை நான் அதுவரை பார்த்ததில்லை. இவ்வளவுக்கும் தண்ணீர் எங்கிருந்து விடுகிறார்கள் என்று பக்கத்தில் ஒரு கிழவி கேட்டாள். பிறகு நம் ஆள் வந்தார். படத்தில் பார்த்த அதே மூக்கு. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் பின்பாக்கெட்டிலிருந்து வெள்ளையாக ஒன்றை உருவி இடது கையில் மாட்டினார். "நம்ம கிளவுசு மாதிரியே இருக்கு!" என்று ஒருவன் கத்தினான். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்த கைக்கு எல்லோரும் காத்திருந்தோம். அவர் மட்டையை வாங்கினார். கால்களை அகட்டி நின்றார். வலது கை வெறுங்கையாக இருந்தது. அடித்தார். பந்து எங்கோ போனது. அங்கே பெரிய ஆரவாரம். எங்கள் முற்றத்தில் காராச்சேவு மெல்லும் சத்தம்கூட இல்லை.

"வெக்கையா இருக்கும். அதான் ஒண்ணக் கழட்டி வச்சிருக்கான்" என்றார் முதலாளி.

"இப்பப் போடுவான்" என்றான் மெஷின்காரன்.

இன்னொரு ஆட்டக்காரர் வந்தார். அவருக்கும் ஒரு கையில்தான். அடுத்தவருக்கும். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் நம் ஆள் இருந்த ஒன்றையும் கழற்றிப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டார். திரும்ப அடுத்த இடத்துக்குப் போய் மாட்டினார், இடது கையில். மணிக்கணக்கில் பார்த்தோம். இருட்டத் தொடங்கியது. இன்னும் யாரோ ஒருவராவது வலது கையில் உறையோடு வந்துவிட மாட்டாரா என்று அத்தனை ஆண்களும் டிவிக்குள் விழுந்துவிடுகிறவர்கள்போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் உதடு அசைந்தது. ஜெபம் செய்தார் என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தையல்காரன் சிரித்துவிட்டான். பாவம், அவன் அடித்தவர்களில் இல்லை. "அப்ப ஒத்தக் கைக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்பா முக்காலியை எடுத்து அவன் தலையில் அடித்தார். அவ்வளவுதான். வேனில் போனவர்கள், "நீங்கதானய்யா போகச் சொன்னீங்க" என்று முதலாளியின் சட்டையைப் பிடித்தார்கள். முதலாளியின் ஆட்கள் அவர்களைப் பிடித்தார்கள். சுவிட்சைப் போட்டவனை நாலு பேர் சுவரோடு சேர்த்து மிதித்தார்கள். அவன் பல்லைத் துப்பினான். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ எறிந்த கல்லில் டிவி வெடித்தது. அந்தப் போட்டியில் நம் ஆள் ஜெயித்தாரா இல்லையா என்று அன்று எங்களுக்குத் தெரியாமலே போனது. ஜெயித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா உள்ளே வந்தார், நெற்றியில் ரத்தத்தோடு.

"போயித் தம்பிகிட்டச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"என்னான்னு சொல்ல?"

"நீ எடுக்கலப்பா, நாங்கதான் மாட்டுப் பயலுகன்னு சொல்லுங்க."

"அவன்தானடி ஒத்துக்கிட்டான்?" என்று அப்பா கத்தினார். "எடுக்காதவன் எதுக்கு ஒத்துக்கிறணும்? வலது கையே கெடையாதுன்னா, இல்லாததத் திருடுனேன்னு எவனாச்சும் சொல்லுவானா? நான் என்னத்தக் கண்டேன்?"

அம்மா கையில் இருந்த குழம்புக் கரண்டியால் அவர் முகத்தில் அடித்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்திலிருந்து விழுந்த முதல் அடி அது. அப்பா திருப்பி அடித்தார். அம்மாவின் உதடு கிழிந்தது. ஆனாலும் நிறுத்தாமல் அடித்தாள். கடைசியில் அப்பாதான் வெளியே போனார். மறுநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு, வெளியே ஒரு பேச்சு போகக் கூடாது என்றாராம். அப்பா சாகும்வரை தன் தம்பியிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் சித்தப்பாதான் அவரை இடது கையால் தூக்கி உட்காரவைத்தார்.

வலது கை உறைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. தெருப் பெண்கள் அடுப்பிலிருந்து சட்டி இறக்க வைத்துக்கொண்டார்கள். பெயர் அச்சடித்த பட்டையோடு, அவ்வளவு மெல்லிய செம்மறித் தோலில், கத்தரிக்காய்க் குழம்பு இறங்கும். எங்கள் வீட்டில் மட்டும் அது நுழையவில்லை.

அந்தப் போட்டிக்குப் பிறகு இங்கிலாந்துக்காரருக்கு நல்ல காலம். கம்பெனியில் இரண்டு ஷிப்ட் ஓடியது, இடது கை மட்டும். சித்தப்பா காய்கறி மண்டியில் மூட்டைக்குச் சீட்டுப் போடுகிற வேலைக்குப் போனார். இடது கையால் எழுதப் பழகியிருந்தார். வாரத்தில் ஒரு நாள் என்னிடம் கேட்பார்: "என்னம்மா, நம்ம ஆளு என்ன பண்றாரு?" நான் நூலகத்துக்குப் போய் ஆங்கிலப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும் முடிவுகளைத் தேடுவேன். முதல் பத்தில் இருந்தால் அவர் முகம் தெளியும். பிறகு முப்பது, நாற்பது என்று இறங்கியது. மணிக்கட்டில் வலி. அறுவை சிகிச்சை. திரும்பி வந்தார், பழைய ஆட்டம் வரவில்லை. பாதிப் போட்டியிலேயே கழித்துக்கட்டினார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் கல்லூரி முடித்து, பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துத் தேடினேன். தரவரிசையில் பக்கம் பக்கமாகத் தள்ளினால்தான் பெயர் வரும். கையுறைக் கம்பெனி அவரோடு போட்ட ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. எங்கள் தெருக் கம்பெனியும் அதற்கு அடுத்த வருடம் மூடியது.

"அவரு தோத்தா ஒங்களுக்கு என்ன சித்தப்பா? நல்லாத் தோக்கட்டும்னு இருக்கு எனக்கு" என்று ஒரு தடவை எரிச்சலில் சொல்லிவிட்டேன்.

"அப்பிடிச் சொல்லாத தாயி. அம்புட்டுப் பேரு அடி வாங்கியிருக்கோம். அவராச்சும் செயிக்கட்டும்" என்றார்.

அம்புட்டுப் பேர் என்று அவர் சொன்னது தன்னை அல்ல என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இனிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிவி உடைந்த மறுநாள் காலையில், வீங்கிய உதட்டோடு அம்மா பின்னறைக்குப் போனாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தம்பி, அந்த ஆட்டத்துல வலது கைக்குக் கிளவுசே கெடையாதாம். நீ எதையும் எடுக்கல" என்றாள். சித்தப்பா அழுவார், அல்லது அப்பாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.  அவர் எழுந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப மச்சான்?"

அன்றைக்கே வடமதுரைக்குப் புறப்பட்டுவிட்டார். தனியாக விடப் பயந்து அம்மாவும் கூட வந்தாள், என்னையும் இழுத்துக்கொண்டு. 

செருப்புக் கடையின் ஷட்டர் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உள்ளே பாதி அலமாரி காலி. பெண்ணின் அண்ணன் பலகையில் உட்கார்ந்து சுத்தியலால் ஒரு செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. ஒற்றைக் கண்ணால் குறி தப்பி, ஆணி கோணலாக இறங்கியது.

"நீங்க உக்காருங்கக்கா, ஒங்ககிட்ட எனக்கு ஒண்ணுமில்ல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, "வா மாப்ள" என்றார்.

சித்தப்பா நின்றபடியே சொன்னார். பெட்டி, சணல், கிணறு, டிவி, ஒற்றைக் கை. எல்லாவற்றையும் சொன்னார். விரல்கள் ஒட்டிப்போன கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"நீ எடுத்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "அவிய்ங்க என்னைய அடிக்கயிலயே தெரியும். நான் கேக்குறது ஒண்ணுதான் மாப்ள. ஊரு ஒலகத்துல இம்புட்டுப் பேரு இருக்காய்ங்க. ஏன் எம் பேரச் சொன்ன?"

 கடைக்காரர் எழுந்து வந்து சித்தப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஷட்டரில் மோதினார். மறுபடி மோதினார். தகரம் அதிர்ந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுத்தியல் இருந்த கை மேலே போனது. அம்மா அலறினாள். சித்தப்பா விலகவில்லை, அடிக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுடா! ஏன் சொன்ன?"

"கை வெந்துக்கிட்டு இருந்துச்சு மச்சான்" என்றார் சித்தப்பா. "தாங்க முடியல. கண்ண மூடிக்கிட்டு, வேற எதயாச்சும் நெனைப்போம்னு ஒங்க வீட்ட நெனச்சேன். ஒங்க தங்கச்சிய நெனச்சேன். நீங்க எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்தத நெனச்சேன். அத வச்சுத்தான் தாங்குனேன். யாரு, யாருன்னு கேட்டாய்ங்க. வாயத் தொறந்தேன். உள்ள அதுதான் இருந்துச்சு. அதான் வந்துருச்சு."

சுத்தியல் அப்படியே நின்றது. பிறகு அவர் கை தானாக இறங்கியது. அவர் சட்டையை விட்டுவிட்டுப் பலகையில் போய் உட்கார்ந்தார்.

கடைக்குப் பின்னால் வீடு. அந்த வாசலில் பெண் நின்றுகொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் பார்த்தேன். எனக்குச் சித்தியாக வந்திருக்க வேண்டியவள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முன்னால் வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று, சித்தப்பாவை நேராகப் பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவள்போல் கேட்டாள்.

"என்னைய நெனச்சதுக்கா எங்க அண்ணனுக்குக் கண்ணு போச்சு?"

சித்தப்பா வாயைத் திறந்தார். உடனே, எதுவும் வெளியே வந்துவிடக் கூடாது என்று பயந்து, இடது கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.